ஐந்துக்கும் இரண்டுக்கும் ஒரே பாராட்டு

ஆண்டின் பொதுக்காலம் 33ஆம் ஞாயிறு – முதல் ஆண்டு



இன்றைய நற்செய்தியில் வரும் தலைவர் பயணம் புறப்படுமுன் தம் பணியாளர்களிடம் தாலந்துகளை ஒப்படைக்கிறார். ஒருவருக்கு ஐந்து, இன்னொருவருக்கு இரண்டு, மூன்றாமவருக்கு ஒன்று. அவரவர் திறமைக்கு ஏற்பவே கொடுத்தார் என்று மத்தேயு சொல்லிவிடுகிறார். கணக்குக் கேட்கும் நாளில் ஐந்து பெற்றவர் பத்தாகவும், இரண்டு பெற்றவர் நான்காகவும் கொண்டுவருகிறார்கள். அப்போது தலைவர் சொன்னதை வீட்டுக்குப் போனதும் திறந்து பாருங்கள். 21ஆம் வசனத்தையும் 23ஆம் வசனத்தையும் அடுத்தடுத்து வாசியுங்கள். இருவருக்கும் ஒரே பாராட்டுதான். பத்தைக் கண்டு கூடுதலாகப் பூரிக்கவில்லை. நான்கைப் பார்த்து முகம் சுளிக்கவுமில்லை.

இந்தப் பகுதியைத் தியானித்தபோது அமெரிக்கக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஜான் வுடன் நினைவுக்கு வந்தார். அவர் கத்தோலிக்கர் அல்லர். 'கிறிஸ்துவின் சீடர்கள்' என்னும் சபையைச் சேர்ந்தவர். ஆனால் இந்த இரண்டு வசனங்களின் பொருளைத் தம் தொழிலில் வாழ்ந்து காட்டியவர்.

1910இல் இண்டியானா மாநிலத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். வாங்கிய தடுப்பு மருந்து கெட்டுப்போயிருந்ததால் வளர்த்த பன்றிகள் மடிந்தன. குடும்பம் நிலத்தையே இழந்தது. தந்தை ஜோஷுவா யார்மீதும் பழி போட்டுப் புலம்பவில்லை. பொய், ஏமாற்று, திருட்டு கூடாது. குறைகூறலும் சாக்குப்போக்கும் கூடாது என்பதே அவர் மகனுக்கு விட்டுச்சென்ற சொத்து. பர்டியூ பல்கலைக்கழகத்தில் சிறந்த ஆட்டக்காரராகப் பெயரெடுத்த ஜான், 1932இல் நெல் ரைலியை மணந்தார். அதற்குச் சற்று முன்புதான் வங்கி திவாலாகி, அவருடைய சேமிப்பு 900 டாலருக்கு மேல் கரைந்துபோயிருந்தது. ஒரு தாலந்தை மண்ணில் புதைத்துவைத்த மூன்றாமவரிடம், பணத்தை வட்டிக்கடைக்காரரிடமாவது கொடுத்திருக்கக் கூடாதா என்று உவமையின் தலைவர் கேட்பதை அந்த ஆண்டில் வாசித்த அமெரிக்கர்கள் கசப்பாகத்தான் சிரித்திருப்பார்கள்!

பிறகு பள்ளியில் ஆங்கில ஆசிரியரானார். நாம் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். சவுத் பெண்ட் ஊரில் பெற்றோர்கள் பிள்ளைகளின் மதிப்பெண் அட்டையோடு வந்து நிற்பார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை நடுத்தர மதிப்பெண் வாங்கினால், 'அந்தப் பிள்ளைக்கு அவ்வளவுதான் வரும்' என்று ஏற்றுக்கொள்வார்கள். தங்கள் பிள்ளை அதையே வாங்கினால், ஆசிரியரும் பிள்ளையும் தவறிவிட்டதாகக் கோபிப்பார்கள். ஆண்டு 1934. நம் ஊரில் நேற்று நடந்ததுபோல் இருக்கிறதல்லவா? இதைப் பார்த்து மனம் நொந்த வுடன், வெற்றி என்பதற்குத் தாமே ஓர் இலக்கணம் வகுத்தார். தன்னால் ஆகக்கூடிய அளவுக்குச் சிறந்தவனாக முழுமுயற்சி செய்தேன் என்று அறிந்தவனுக்குக் கிடைக்கும் மன அமைதியே வெற்றி. அடுத்தவனின் கணக்கு அதில் இல்லை. இதன்மீது 15 கற்களைக் கொண்ட 'வெற்றிப் பிரமிடு' ஒன்றை வரைந்து முடிக்க அவருக்கு 14 ஆண்டுகள் பிடித்தன. அடித்தளத்தின் இரு மூலைக்கற்கள் உழைப்பும் உற்சாகமும். உச்சிக்குப் போகும் இடத்தில் நம்பிக்கையையும் பொறுமையையும் வைத்தார்.

1947இல் அவர் பயிற்றுவித்த இண்டியானா மாநில ஆசிரியர் கல்லூரி அணிக்குத் தேசியப் போட்டியில் ஆட அழைப்பு வந்தது. கறுப்பின வீரர்களுக்கு அங்கே அனுமதி இல்லை. அணியில் கிளாரன்ஸ் வாக்கர் என்ற கறுப்பின இளைஞர் இருந்தார். பெரிய ஆட்டக்காரர் அல்லர், மாற்று ஆட்டக்காரர்தான். வுடன் அழைப்பையே மறுத்துவிட்டார். மறு ஆண்டு அந்தத் தடை நீக்கப்பட்டது, வாக்கர் களமிறங்கினார். ஒரு தாலந்து பெற்றவரையும் விட்டுவிட்டுப் போகமாட்டேன் என்ற பயிற்சியாளர் அவர்.

1948இல் அவர் விரும்பியது மினசோட்டா பல்கலைக்கழகத்து வேலை. பனிப்புயலால் அவர்களுடைய தொலைபேசி அழைப்பு குறித்த நேரத்தில் வரவில்லை. அதற்குள் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகம் அழைக்க, சம்மதித்துவிட்டார். பின்னர் மினசோட்டா அழைத்தபோது, கொடுத்த வாக்கை மாற்றமாட்டேன் என்றார். யு.சி.எல்.ஏ.வில் பழைய உடற்பயிற்சிக்கூடம் ஒன்றில்தான் பயிற்சி. ஒருபுறம் மல்யுத்தம், மறுபுறம் ஜிம்னாஸ்டிக்ஸ், நடுவில் கூடைப்பந்து. பயிற்சிக்கு முன் தரையைத் துடைக்கும் வேலையைப் பயிற்சியாளரே செய்வார். 15 பருவங்கள் தேசியப் பட்டம் இல்லாமலே கழிந்தன. 1964இல் முதல் பட்டம் வந்தது. அடுத்து 1975இல் ஓய்வுபெறும்வரை மொத்தம் 10 பட்டங்கள். அவற்றில் ஏழு தொடர்ச்சியாக. இன்றுவரை ஆடவர் கல்லூரிக் கூடைப்பந்தில் எந்தப் பயிற்சியாளரும் அதை எட்டவில்லை.

இந்தச் சாதனையை அவர் எங்கிருந்து தொடங்கினார் தெரியுமா? காலுறையிலிருந்து. பருவத்தின் முதல் பயிற்சி நாளில் நாட்டின் தலைசிறந்த இளைஞர்கள் வந்து உட்கார்ந்திருப்பார்கள். ஏழடிக்கு மேல் உயர்ந்த லூ அல்சின்டர் – பின்னாளில் கரீம் அப்துல்-ஜபார் – அவர்களில் ஒருவர். காலுறையை எப்படி இழுத்துப் போடுவது, குதிகாலிலும் விரல் நுனியிலும் சுருக்கம் இல்லையா என்று எப்படித் தடவிப் பார்ப்பது, ஷூவின் நாடாவை எப்படி முடிவது என்பதே அவர்களுக்கு முதல் பாடம். சுருக்கம் இருந்தால் கொப்புளம் வரும். கொப்புளம் வந்தால் பயிற்சி போகும். இளைஞர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்திருப்பார்கள். வயதான பிறகும் அவர்கள் சொல்வது இந்தக் கதையைத்தான். சிறியவற்றில் நம்பத்தக்கவராய் இருந்ததற்காகவே உவமையின் தலைவரும் பெரியவற்றை ஒப்படைக்கிறார். நாமோ பெரிய அருங்கொடைகளுக்காக நவநாள் வைக்கிறோம்; திருப்பலிக்கு நேரத்தில் வருவதை விட்டுவிடுகிறோம்.

1974–75இல் ரோலண்ட் தார்ப், ரொனால்ட் காலிமோர் என்ற உளவியலாளர் இருவர் அவருடைய பயிற்சிகளைக் கவனித்து, அவர் பேசியதை எல்லாம் வகைபிரித்து எண்ணினார்கள். பாராட்டு நூற்றுக்கு ஏழுகூட இல்லை. கண்டிப்பும் அந்த அளவுதான். முக்கால் பங்கு, எதை எப்படிச் செய்வது என்று சொல்லிக் கொடுத்ததே. ஒவ்வொரு பயிற்சியையும் நிமிடக் கணக்கில் சிறு அட்டையில் திட்டமிட்டே வருவார். ஆட்டத்தை 'வெல்லுங்கள்' என்று அவர் சொல்லிக் கேட்டதில்லை என்கிறார்கள் அவரிடம் ஆடியவர்கள். ஆனால் கூடையில் பந்து போட்டவன், தனக்குப் பந்தை அனுப்பியவனைக் கையாலோ தலையசைப்பாலோ சுட்டிக்காட்டி நன்றி சொல்ல வேண்டும் என்பதில் கண்டிப்பாக இருந்தார். அவன் அந்த நேரம் பார்க்காவிட்டால் என்று ஒருவன் கேட்டானாம். நிச்சயம் பார்த்துக்கொண்டிருப்பான் என்றாராம்.

தோல்வியும் வந்தது. 88 ஆட்டங்களைத் தொடர்ந்து வென்ற அணி, 1974 ஜனவரி 19 அன்று நோட்டர் டேம் அணியிடம் 71–70 என்று தோற்றது. கடைசி மூன்றரை நிமிடங்களுக்கு முன் 11 புள்ளிகள் முன்னிலையில் இருந்த அணி அது. இன்னொரு நிழலையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அணியின் செல்வந்த ஆதரவாளர் ஒருவர் விதிகளை மீறி வீரர்களுக்கு உதவிகள் செய்தது பின்னாளில் வெளியானது. தம் பார்வை குறுகியிருந்திருக்கலாம் என்று வுடன் தாமே பிற்பாடு ஒப்புக்கொண்டார். நேர்மையானவருக்கும் கண் படாத மூலை உண்டு.

அதனால்தான் அவருடைய இலக்கணத்தை நான் பாதிவழிவரை மட்டுமே ஏற்கிறேன். நம் மன அமைதி நம்மையே ஏமாற்றக்கூடும். மூன்றாம் பணியாளரும் குழி தோண்டிப் புதைத்தபின் நிம்மதியாகத்தான் தூங்கியிருப்பார். திருடவில்லை, தொலைக்கவில்லை என்ற நிம்மதி. ஒரு தாலந்து என்பது ஏறத்தாழ 6000 நாள் கூலி. அவ்வளவு பெரிய கொடையைக் கையில் வைத்துக்கொண்டே, தலைவரைக் கண்டு அஞ்சினார். நம் கணக்கைச் சரிபார்ப்பவர் ஆண்டவர். அவர் கேட்பது நமக்குத் தந்ததை மட்டும்தான் என்பது நமக்கு ஆறுதல்; தந்தது முழுவதையும் கேட்பார் என்பது எச்சரிக்கை.

இன்றைய முதல் வாசகம் நல்ல மனைவியைப் புகழ்கிறது. வுடனின் மனைவி நெல் 1985 மார்ச் 21 அன்று இறந்தார். அதன்பின் பல ஆண்டுகள், ஒவ்வொரு மாதமும் 21ஆம் தேதி வுடன் அவருக்கு ஒரு கடிதம் எழுதி அவருடைய தலையணையில் வைத்தார். 2010இல், 99ஆம் வயதில் காலமானார். இத்தனை பட்டங்கள் பெற்றவர் அந்த வீட்டில் ஒரு கணவர். மனைவி உயிரோடில்லாத காலத்திலும்.

பெற்றோரே, அரையாண்டுத் தேர்வு நெருங்குகிறது. விடைத்தாள் வீட்டுக்கு வரும் நாளில் வகுப்பில் முதல் மதிப்பெண் யாருக்கு என்று கேட்காதீர்கள். உன்னால் முடிந்ததைச் செய்தாயா என்று கேளுங்கள். பிள்ளை சொல்லும் பதிலைப் பொறுமையாகக் கேளுங்கள். இளையோரே, ஆண்டவர் உங்களுக்குத் தந்ததைப் புதைத்து வைத்திருந்தால் இந்த வாரமே தோண்டி எடுங்கள். பாடகர் குழுவுக்கும் மறைக்கல்விக்கும் ஆட்கள் தேவை. இப்போது எழுந்து நின்று நம் நம்பிக்கையை அறிக்கையிடுவோம்.