நிறைவு எங்கே இருக்கிறது?

முப்பத்தைந்து ஆண்டுகள் அரசுப் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவரிடம், 'பணி தங்களுக்கு நிறைவளித்ததா?' என்று கேட்டுப் பாருங்கள். கிடைக்காமற்போன ஒரு பதவி உயர்வைப் பற்றியே பெரும்பாலும் பேசத் தொடங்குவார். விரும்பாத ஊருக்கு வந்த இடமாற்றமும், தமக்கு இளையவர் தமக்கு மேலதிகாரியாக வந்து அமர்ந்த நாளும் துல்லியமாக நினைவிருக்கும். தாம் தீர்த்துவைத்த ஆயிரக்கணக்கான மனுக்களுள் ஒன்றுகூட எளிதில் நினைவுக்கு வராது. அவர் நேர்மையற்றவர் அல்லர், சோம்பேறியும் அல்லர். பணியில் எதனை மதிப்புக்குரியதாகக் கருதினாரோ, அதன் கணக்கையே அவர் மனம் எழுதி வைத்திருக்கிறது.

நிலையான வருவாயையும் சமூக மதிப்பையும் நாடி அரசுப் பணிக்கு வருவதில் தவறில்லை. குடும்பத்தைக் காப்பதும் தர்மமே. ஊழியர் நியாயமான ஊதியம் கேட்கும்போது, 'பலனை எதிர்பாராதே' என்று கீதையைக் காட்டி வாயடைப்பது கீதைக்கே இழைக்கும் அநீதி. ஆயினும் ஊதியத்தையும் பதவியையும் மட்டுமே மதிப்பாகக் கொண்டவரின் நிறைவு பிறர் கையில் இருக்கிறது. ஏழாவது ஊதியக் குழுவின் பரிந்துரை 2016 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தபோது எழுந்த மகிழ்ச்சி எத்தனை மாதம் நீடித்தது என்பதை அவரவரே அறிவர்.

வர்கீஸ் குரியனின் வாழ்க்கை இங்கே நினைவுக்கு வருகிறது. அரசு உதவித்தொகையில் அமெரிக்காவில் படித்த அவர், ஒப்பந்தக் கட்டாயத்தால் 1949-இல் குஜராத்தின் ஆனந்த் என்ற சிற்றூருக்கு வந்தார். பால்பண்ணைத் தொழிலில் நாட்டமில்லை. அரசுப் பால் கூடத்தில் செய்வதற்கு உருப்படியான வேலையும் இல்லை. பதவியைத் துறந்து புறப்பட இருந்தவரை, விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கத் தலைவர் திரிபுவன்தாஸ் படேல் சிறிது காலம் தங்கி உதவுமாறு கேட்டுக்கொண்டார். குரியன் 2012-இல் மறையும்வரை ஆனந்திலேயே வாழ்ந்தார். ஊர் மாறவில்லை, வசதிகளும் ஒரே நாளில் பெருகிவிடவில்லை. யாருக்காக உழைக்கிறோம் என்பது கண்ணுக்குத் தெரிந்தது, அவ்வளவே.

சேவையை மதிப்பாகக் கொண்டால் நிறைவு தானே வந்துவிடும் என்று இதனால் முடிவு கட்டிவிட இயலாது. உண்மை பல நேரங்களில் இதற்கு நேர்மாறானது. கோப்பு நகராவிட்டாலும் கவலைப்படாதவர் மாலையில் அமைதியாக வீடு திரும்புகிறார். அது நிறைவன்று, தமோகுணத்தின் உறக்கம். உழைக்க விரும்புபவரோ தடைகளைக் கண்டு நொந்துபோகிறார். ஐ.ஏ.எஸ். அதிகாரியான எஸ். ஆர். சங்கரன் ஆந்திரப் பிரதேசத்தில் கொத்தடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்டார்; அதனால் ஆட்சியாளரின் அதிருப்திக்கும் ஆளானார். எனினும் அவர் கசந்துபோகவில்லை. ஓய்வு பெற்ற பின்னரும், கையால் மலம் அள்ளும் கொடுமைக்கு எதிராக உழைத்தார். 2005-இல் அறிவிக்கப்பட்ட பத்மபூஷண் விருதை ஏற்க மறுத்தார்.

நொந்துபோன அத்தகைய மனத்திற்கே கர்மயோகம் உரியது என்று எனக்குத் தோன்றுகிறது. கீதை உபதேசிக்கப்பட்டது வனத்திலிருந்த துறவிக்கன்று; பொறுப்பின் நடுவே வில்லை நழுவவிட்டு, 'இப்பணி எனக்கு வேண்டாம்' என்று அமர்ந்துவிட்ட ஒருவனுக்கு. முயற்சி முழுவதும் உன்னுடையது, விளைவு உன் ஒருவனால் ஆவதன்று என்ற தெளிவு வந்தால், தோற்ற நாளிலும் மறுநாள் காலை பணிக்குச் செல்ல முடிகிறது.

சுவாமி விவேகானந்தர் தமது கர்மயோகச் சொற்பொழிவுகளில், மகாபாரதத்தின் தர்மவியாதனின் கதையைக் கூறுகிறார். ஞானம் தேடி வந்த துறவியை, வியாபாரம் முடியும்வரை காத்திருக்கச் சொல்கிறான் அந்த இறைச்சி வியாபாரி. எதிரே நிற்பவர்களை அனுப்பிவிட்டுத்தான் தத்துவம்!

சில ஆண்டுகளுக்கு முன் நவம்பர் மாதத்தில் ஒரு கருவூல அலுவலகத்தில் காத்திருந்தேன். தாம் உயிரோடு இருப்பதற்குச் சான்றளிக்க முதியவர்கள் வரிசையில் நின்றிருந்தனர். ஒரு மூதாட்டியின் தேய்ந்த விரல்ரேகையை இயந்திரம் மூன்று முறை ஏற்க மறுத்தது. அந்த எழுத்தர் எழுந்து வெளியே வந்தார். மூதாட்டியை நாற்காலியில் அமர்த்தி, விரலைத் துடைத்து, மீண்டும் பதிவு செய்தார். பதிவானதும், "அடுத்த நவம்பரிலும் கட்டாயம் வரணும், அம்மா" என்றார். மூதாட்டி சிரித்தார். எழுத்தர் தம் இடத்திற்குத் திரும்பி, வரிசையில் அடுத்து நின்றவரை அழைத்தார்.