பங்குக் கிணற்றின் முறை

உரும்பிராயின் செம்மண் தோட்டங்களில் கிணறு ஒருவருக்கு மட்டுமே உரியதாக இருப்பது அரிது. பாட்டன் காணி பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்குமாகப் பிரிந்து போகும், கிணறு பிரியாது. யாருக்கு எத்தனை பங்கு என்று உறுதியில் எழுதி வைப்பார்கள். வேலி எல்லைக்காக முகம் முறித்துக்கொண்ட பங்காளிகளும் தண்ணீர் முறையைக் காத்துத்தான் வெங்காயத்தையும் புகையிலையையும் விளைவித்தார்கள். முறை தவறிய இடத்தில் வழக்கும் நடந்தது.

அங்கிருந்து பலாலி வீதியால் சில மைல் தெற்கே வந்தால் திருநெல்வேலி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம். அதுவும் ஒரு பங்குக் கிணறுதான். பதவி, ஆய்வுப் பணம், வெளிநாட்டு அழைப்பு, சஞ்சிகைப் பக்கம் எல்லாம் அங்கே பலருக்குப் பொதுவானவை. யாருக்காவது நியமனம் கிடைத்தால் ஊரில் எழும் முதற்கேள்வி, "ஆரைப் பிடிச்சவர்?" என்பது. தகுதியோடு வந்தவரையும் இந்தக் கேள்வி சுடும். ஆனாலும் அதை வெறும் பொறாமை என்று ஒதுக்க முடியாது. அறிஞர்களுக்கிடையிலான நட்பும் தொடர்பும் எந்த இடம்வரை அறம், எந்த இடத்தில் அநீதி என்பதைத்தான் ஊர் தன் மொழியில் கேட்கிறது.

தொடர்பே தவறு என்று சொல்பவர் சேவியர் தனிநாயகம் அடிகளை நினைத்துப் பார்க்க வேண்டும். 1952இல் 'தமிழ் கல்ச்சர்' என்ற ஆங்கில ஆய்விதழைத் தொடங்கிய அந்தக் கத்தோலிக்கத் துறவி, கடிதங்களாலும் பயணங்களாலும் உலகெங்கும் தமிழ் படித்தவர்களைத் தேடித் தேடி அறிமுகமாக்கிக்கொண்டார். 1964 ஜனவரியில் கீழைத்தேயவியலாளர் மாநாட்டுக்காக டில்லியில் கூடியவர்களைக் கொண்டே உலகத் தமிழாராய்ச்சி மன்றம் பிறந்தது. பிரெஞ்சு அறிஞர் பிலியோசா தலைவரானார். செக் நாட்டுக் கமில் சுவெலபிலும் அடிகளும் செயலாளர்கள். 1966இல் கோலாலம்பூர், 1968இல் சென்னை, 1970இல் பாரிஸ் என்று மாநாடுகள் நடந்தன. இத்தனைக்கும் மூலதனம் ஒரு மனிதரின் பழக்கமும் தொடர்புமே. அந்தத் தொடர்பால் பயன் பெற்றது துறை. அடிகளை முன்பின் அறியாத மாணவருக்கும் அது வாசல் திறந்தது. ஒரு தொடர்பு நல்லதா என்று அறிய, அதன் பயன் அதற்கு வெளியே நிற்பவரையும் எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும்.

மறுபக்கமும் நம் கண்முன்னே உண்டு. திறனாய்வாளர் க. கைலாசபதி 1959 முதல் சில ஆண்டுகள் 'தினகரன்' நாளிதழின் ஆசிரியராக இருந்தபோது ஈழத்து எழுத்துக்குக் கொடுத்த இடம் பெரிது. அவரைச் சூழ்ந்த முற்போக்கு அணி ஒரு தலைமுறையையே வளர்த்தது. ஆனால் அந்த அணிக்குள் நிற்காத எழுத்தை அது சரியாக மதிப்பிடவில்லை என்று மு. தளையசிங்கம் 'ஏழாண்டு இலக்கிய வளர்ச்சி'யில் வழக்குரைத்தார். எழுத்தாளர் எஸ். பொன்னுத்துரையும் அணியிலிருந்து பிரிந்துபோய்த் தன் வழியில் போரிட்டார். அந்த வழக்கில் தீர்ப்பு எதுவாகவும் இருக்கட்டும். ஒத்த கருத்துடையவர் கூடிச் செயற்படுவது பிழையன்று. அதே கூட்டம் வெளியே நிற்பவனின் பிரதியை வாசிக்காமலே எடைபோடத் தொடங்கினால், அப்போதே முறை தவறிவிடுகிறது.

இந்த விடயத்தில் யாழ்ப்பாணம் தந்த ஆழமான உதாரணம் 1974இல் தொடங்குகிறது. நான்காவது தமிழாராய்ச்சி மாநாட்டைக் கொழும்பில் நடத்துவதா யாழ்ப்பாணத்தில் நடத்துவதா என்று மன்றத்தின் இலங்கைக் கிளை இரண்டுபட்டது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பொறுப்பேற்று அதை யாழ்ப்பாணத்தில் நடத்தினார். ஜனவரி 10ஆம் திகதி, இறுதிநாளில், பொலிசார் கூட்டத்தில் புகுந்ததைத் தொடர்ந்து உயிர்கள் பலியாயின. உரும்பிராயின் இளம் போராளி பொன். சிவகுமாரனை அந்த நாள் எப்படிப் பாதித்தது என்பதை ஊர் இன்னும் பேசுகிறது. அந்த இளைஞன் அதே ஆண்டு ஜூன் 5இல் இறந்தான். மனங்கள் இப்படிக் கொதித்திருந்த அந்த ஒக்டோபரிலேயே, சிறிமாவோ அரசு யாழ்ப்பாண வளாகத்தைத் திறந்தது. திருகோணமலையில் தமிழ்ப் பல்கலைக்கழகம் கேட்டு நின்ற தமிழ்க் கட்சியினருக்கு அது உடன்பாடாக இருக்கவில்லை. வளாகத் தலைவராக வந்தவர் கைலாசபதி.

1977இல் ஆட்சி மாறியது. தலைமையும் மாறி வித்தியானந்தனிடம் வந்தது. 1979இல் வளாகம் தனிப் பல்கலைக்கழகமானபோது அவரே முதல் துணைவேந்தர். பேராதனையில் கைலாசபதிக்குப் பாடம் சொன்ன ஆசிரியர் அவர். அறுபதுகளில் வித்தியானந்தன் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' என்று கூத்தை மேடைக்கு மீட்டபோது கூட நின்றவர்கள் அவரது மாணவர்களே. அரசியலில் ஆசிரியர் ஒரு கரை, மாணவர் கைலாசபதி மறு கரை. தலைமைக் கதிரையை இழந்த கைலாசபதி, 1982 டிசம்பரில் இறக்கும்வரை அதே பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணி செய்தார். இன்று ஒரு கல்லூரியில் அதிபர் பதவி கைமாறினால், பழைய அதிபருக்கு வேண்டியவர்களின் நேரசூசி முதல் மாறத் தொடங்குகிறது. அதை அறிந்தவருக்குத்தான் இந்த ஐந்து ஆண்டுகளின் கனம் புரியும். இறங்கியவர் தொடர்ந்து வேலை செய்தது பாதி அறம். ஏறியவர் அந்த வேலைக்கு இடம் விட்டது மறுபாதி. சுமுகமாகப் பழகுவதைவிட இது கடினம். இணக்கம் என்ற பெயரில் கருத்தை விழுங்கச் சொல்வது இருவருக்குமே அவமானமாக இருந்திருக்கும்.

அந்த வளாகம் அந்த ஆண்டுகளில் விளைவித்ததும் சாட்சி. மௌனகுரு, சித்திரலேகா, நுஃமான் ஆகிய மூவரும் சேர்ந்து எழுதிய 'இருபதாம் நூற்றாண்டு ஈழத்துத் தமிழ் இலக்கியம்' 1979இல் வந்தது. கிழக்கிலங்கை முஸ்லிமான நுஃமான் அப்போது யாழ்ப்பாணத்தில் விரிவுரையாளராக இருந்தார். மூவர் பெயரோடு ஒரு நூல் என்பது தமிழ் ஆய்வுலகில் இன்றும் அதிகம் காணாத காட்சி.

இருந்தும் ஒரு சிக்கல் தீராமல் நிற்கிறது. சின்னக் குடாநாடு இது. நேர்முகப் பரீட்சையில் மேசைக்கு அந்தப்புறம் இருப்பவர் விண்ணப்பதாரிக்கு மாமன் முறையாகவோ பள்ளித்தோழனின் தமையனாகவோ இருப்பார். உறவுள்ளவர் எல்லோரும் விலகினால் மதிப்பிட ஆளே மிஞ்சாது. விலகாவிட்டால் ஊர் நம்பாது. உறவை முதலிலேயே வாய்விட்டுச் சொல்லிவிடலாம்; வெளியிலிருந்து இன்னொரு பரீட்சகரை அழைக்கலாம்; ஏன் இவர், ஏன் அவர் இல்லை என்பதைத் தோற்றவரும் வாசிக்கக்கூடிய விதமாக எழுதி வைக்கலாம். அறிமுகக் கடிதம் எழுதுவதிலும் பிழையில்லை. அந்தக் கடிதம் படலையைத் திறந்துவிடட்டும். உள்ளே என்ன நடக்கவேண்டும் என்று கட்டளையிட அதற்கு உரிமை கிடையாது.

கடிதம் எழுத ஆளில்லாதவரின் நிலைதான் மிகக் கடினமானது. உரும்பிராயில் ஒரு தோட்டக்காரரின் மகள் நல்ல ஆய்வுக் கட்டுரை ஒன்றை எழுதிவிட்டு, யாருக்கு அனுப்புவதென்று தெரியாமல் வைத்திருக்கிறாள் என்று கொள்வோம். அவளுக்குப் பேராசிரியர் எவரையும் தெரியாது. எந்த மாநாட்டுக்கும் போனதில்லை. தொடர்புகள் நிறைந்த மூத்தவர், தன் மாணவனுக்காக எடுக்கும் தொலைபேசியை அவளுக்காகவும் ஒருமுறை எடுக்கக் கடன்பட்டவர். பங்குக் கிணற்றில் அவளுக்கும் ஒரு முறை உண்டு. அவள் பெயர் மட்டும் இன்னும் உறுதியில் எழுதப்படவில்லை.