அலைவரிசை கைமாறும்போது

அமெரிக்காவின் வடக்கு டக்கோட்டா மாநிலத்தில் மைனாட் என்றொரு சிறு நகரம். 2002 ஜனவரி 18 அன்று நள்ளிரவு ஒன்றரை மணிக்கு மேல், ஊரை ஒட்டினாற்போல் ஒரு சரக்கு ரயில் தடம் புரண்டது. நீரற்ற அமோனியா ஏற்றிவந்த டாங்கர்களில் ஐந்து பிளந்தன. கடுங்குளிரில் நச்சுப்புகை தரையோடு படர்ந்து வீடுகளைச் சூழ்ந்தது. ஒருவர் இறந்தார்; முந்நூறு பேருக்கு மேல் பாதிக்கப்பட்டனர். கதவை அடைத்துக்கொண்டு உள்ளேயே இருப்பதா, வண்டியை எடுத்துக்கொண்டு தப்புவதா என்று தெரியாத மக்கள் வானொலியைத் திருப்பினார்கள். ஊரின் வணிக வானொலி நிலையங்கள் ஆறு. ஆறும் கிளியர் சேனல் என்ற ஒரே நிறுவனத்துக்குச் சொந்தம். மக்களுக்கு வேண்டிய எச்சரிக்கை உரிய நேரத்தில் அவற்றில் வரவில்லை.

தவறு யாருடையது என்பதில் இன்றும் இரு பக்கம் உண்டு. நிலையத்தைத் தொலைபேசியில் அழைத்தும் யாரும் எடுக்கவில்லை என்றது காவல்துறை. அவசர எச்சரிக்கைக் கருவியைக் காவல்துறைதான் இயக்கத் தவறியது, நிலையத்தில் ஆள் இருந்தார் என்றது நிறுவனம். இரண்டுமே உண்மையாக இருக்கக்கூடும். ஆனால் ஆறு நிலையங்களுக்கும் ஆறு உரிமையாளர்கள் இருந்திருந்தால், ஒருவர் கோட்டைவிட்டதை இன்னொருவர் கவனித்திருக்க வாய்ப்பு இருந்தது. அந்த வாய்ப்பைப் பறித்தது விபத்தல்ல, சட்டம். 1996 வரை ஒரு நிறுவனம் நாடெங்கும் 40 வானொலி நிலையங்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது. அவ்வாண்டு வந்த தொலைத்தொடர்புச் சட்டம் நாடு தழுவிய அந்த வரம்பை நீக்கியது. ஒரே ஊரில் வைத்துக்கொள்ளும் எண்ணிக்கையையும் கூட்டியது. சில ஆண்டுகளில் கிளியர் சேனலின் நிலையங்கள் 1,200-ஐத் தாண்டின.

அப்படியானால் இத்தகைய பெரு நிறுவனத்துக்குத் தன் நிலையத்தை விற்றவர் குற்றவாளியா? அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்ல முடியாது. 1990-களின் தொடக்கத்தில் பல சிறு நிலையங்கள் நட்டத்தில் ஓடின. கடன் ஏறிவிட்டது, பிள்ளைகள் தொழிலுக்கு வர மறுக்கிறார்கள் என்ற நிலையில் ஒருவர் நல்ல விலைக்கு விற்றால் அவரைப் பழிப்பது எளிதல்ல. மூடிய நிலையம் எந்த வெள்ளத்தையும் எந்தப் புகையையும் அறிவிக்காது. பெரிய நிறுவனத்தின் பணம் பல நிலையங்களை உயிரோடு வைத்தது என்ற வாதத்தைத் தட்டிக்கழிக்கக் கூடாது.

ஆனால் அவர் விற்றது எதை? கோபுரமும் கட்டடமும் கருவிகளும் அவருடையவை. அலைவரிசை அவருடையதல்ல. 1934-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் இதைத் தெளிவாகவே சொல்கிறது: உரிமம் என்பது குறிப்பிட்ட காலத்துக்குப் பயன்படுத்தும் அனுமதி, உடைமை அல்ல. கோயில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் விளைச்சலை விற்கலாம்; நிலத்தைத் தன் சொத்தாக நினைத்து விலைபேச முடியாது. நிலையம் கைமாறும்போதோ, வாங்குபவர் கொடுக்கும் விலையில் பெரும்பகுதி அந்த அலைவரிசைக்குத்தான். பொதுச்சொத்தின் மதிப்பு தனியார் கணக்கில் வரவாகிறது. அதற்கு ஈடாக ஊருக்குச் செய்ய வேண்டிய கடமை மட்டும் எந்த ஒப்பந்தத்திலும் ஏறுவதில்லை.

இதைவிட வருத்தம் தருவது 1952-இல் அச்சட்டத்தில் செய்த ஒரு திருத்தம். உரிமத்தை மாற்றித்தரக் கேட்கும்போது, இந்த ஊருக்கு, வாங்க வருபவரைவிட நன்றாகத் தொண்டு செய்யக்கூடியவர் வேறு யாரேனும் உண்டா என்று ஒழுங்குமுறை ஆணையம் பார்க்கவே கூடாது என்கிறது அது. ஊரார் கேட்டே ஆக வேண்டிய கேள்விக்குச் சட்டமே வாய்ப்பூட்டுப் போட்டுவிட்டது. நிலையம் தன் ஊரிலோ அருகிலோ முதன்மைக் கூடம் வைத்திருக்க வேண்டும் என்ற விதியும் 2017-இல் போயிற்று.

தொலைக்காட்சியில் இதன் விளைவு இன்னும் வெளிப்படை. அமெரிக்காவில் சின்க்ளேர் என்ற நிறுவனத்துக்குச் சொந்தமான பல ஊர் நிலையங்களில் 2018-இல் செய்தி வாசிப்பாளர்கள், தலைமையகம் எழுதியனுப்பிய ஒரே வாசகத்தைச் சொல் மாறாமல் வாசித்தார்கள். நம்மூர் முகம், நமக்காகப் பேசுகிறது என்று நம்பிப் பார்த்தவர்களின் நம்பிக்கையை இரவல் வாங்கி, வேறொருவர் கருத்தை விற்ற செயல் அது. உடைமை மாறலாம், அந்த மாற்றத்தை மறைப்பது வஞ்சனை.

இந்தியாவில் அலைக்கற்றை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-இலேயே தீர்ப்பளித்தது. ஒரே நகரின் எஃப்.எம். அலைவரிசைகள் முழுவதும் ஒருவர் கைக்குப் போகாமல் இருக்க இங்கே வரம்பும் உண்டு. இது பாராட்டத்தக்கது. ஆயினும் தனியார் எஃப்.எம். நிலையங்கள் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப அனுமதி இல்லை. வானிலை, போக்குவரத்து, பேரிடர் அறிவிப்பு போன்றவற்றோடு நிற்க வேண்டும். அமெரிக்காவில் நிலையங்கள் ஒருவர் கையில் குவிந்ததால் ஊர்க்குரல் அடங்கியது. இங்கே பலர் கையில் இருந்தும் அரசின் தடையால் அது முழுதாக எழவில்லை. கேட்பவருக்கு இரண்டும் இழப்பே.

நிலையத்தை விற்பது பாவமல்ல. ஊருக்கான கடமையைக் கழற்றிவிட்டு விற்பதுதான் அறமற்ற செயல்; அதற்கு ஒப்புதல் தரும் அரசும் அதில் பங்காளி. வாங்குபவரின் பணபலத்தைத் துருவி ஆராயும் அதிகாரிகள், அந்த ஊரிலேயே இருந்து இரவும் பகலும் பணிசெய்யப் போகிறவர்கள் யார் என்பதை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். அந்தப் பதில் கிடைக்கும்வரை உரிமத்தை மாற்றித் தரக்கூடாது.