வினையின் பெயரால் விலக்கலாமா?

தாய் தந்தையரை எயிட்ஸ் நோய்க்குப் பறிகொடுத்து, தாமும் அதே கிருமியோடு வாழும் பிள்ளைகளுக்கு உதவி கேட்டால் சைவ மக்களிடமிருந்து இரண்டு விதமான மறுமொழி வருவதுண்டு. "அது அவரவர் வினை" என்பது ஒன்று. "காசு தரலாம், கிட்டப் போகக் கூடாது" என்பது மற்றது. முதலாவது சமயத்தின் பெயரால் சொல்லப்படுவதால் அதையே முதலில் ஆராய வேண்டும்.

கொங்கு நாட்டிலே திருக்கொடிமாடச் செங்குன்றூரில் திருஞானசம்பந்தப் பிள்ளையார் தங்கியிருந்தபோது, உடன்வந்த அடியார்களைக் குளிர்சுரம் பற்றியது. பிள்ளையார் திருநீலகண்டத் திருப்பதிகம் பாட, சுரம் நீங்கியது என்று பெரியபுராணம் கூறும். வினை வினை என்று சொல்லிக்கொண்டு உய்யும் வழியைத் தேடாதிருப்பது குறையே என்பது அப்பதிகத்தின் முதற்பாட்டின் கருத்து. இதை நாள்தோறும் ஓதும் வாய், பிறர் பிள்ளையின் நோயைக் கண்டு "வினை" என்று சொல்லித் திரும்பி விடலாமா? வினைக் கொள்கை ஒருவன் தன் துன்பத்தைத் தான் பொறுப்பதற்கு உதவுவது. பிறர் கணக்கைப் பார்க்கும் அதிகாரம் எவருக்கும் கொடுக்கப்படவில்லை. 1986 ஏப்ரல் 20ஆம் திகதி கந்தளாய்க் குளக்கட்டு உடைத்தபோது, வீடு வாசல் அள்ளுண்டு போனவர்களிடம் முற்பிறப்புக் கணக்கைக் கேட்டுவிட்டா சோறு போட்டார்கள்?

இந்தியாவில் இந்தக் கிருமி முதன்முதல் கண்டறியப்பட்டதும் அதே 1986இல்தான். சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் அதைக் கண்டறிந்தனர். பிள்ளைகளுக்கு இது பெரும்பாலும் தாயிடமிருந்து, கருவிலோ பிறப்பிலோ தாய்ப்பாலிலோ வருகிறது. அப்பிள்ளை செய்த பிழை எதுவும் இதில் இல்லை. (தாயின் பிழை என்று சொல்வோரும் உண்டு. கணவனிடமிருந்து தொற்றிய எத்தனையோ தாய்மாரை அவர்கள் அறியார்.)

இனி, "கிட்டப் போகக் கூடாது" என்ற பேச்சு. ஒரே பந்தியில் உண்பதாலும், ஒரே கிணற்றில் குளிப்பதாலும், தொட்டுத் தூக்குவதாலும், நுளம்பு கடிப்பதாலும் இது தொற்றாது. ஆயினும் 2016இல் குளியாப்பிட்டியில் நடந்தது என்ன? தந்தை எயிட்ஸ் நோயால் இறந்தார் என்ற வதந்தியினால் ஒரு சிறுவனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க மற்றப் பெற்றோர் எதிர்த்தனர். அவனுக்குத் தொற்று இல்லை என்று பரிசோதனை காட்டிய பின்பும் எதிர்ப்பு ஓயவில்லை. கடைசியில் கண்டி திரித்துவக் கல்லூரி அவனுக்கு இடம் கொடுத்தது. அந்தப் பிள்ளைக்கு வேண்டியிருந்தது காசு அல்ல, வாங்கிலே ஓர் இடம். நோயில்லாத பிள்ளைக்கே இந்த நிலை என்றால், நோயுள்ள பிள்ளையின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

தாயிடமிருந்து சேய்க்குத் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றளித்தது. இது பெருமைக்குரியதே. எனினும் ஏற்கெனவே தொற்றோடு பிறந்தவர்களுக்கு ஒவ்வொரு நாளும், ஆயுள் முழுவதும் மருந்து வேண்டும். மருந்தை அரசாங்கம் இலவசமாகத் தருகிறது. அதை நேரம் தவறாமல் கொடுக்கவும், சத்துள்ள உணவு சமைக்கவும், கிளினிக்குக்கு அழைத்துச் செல்லவும் தாய் போல ஒருவர் வேண்டுமே! சென்னையில் குழந்தை மருத்துவர் மனோரமா 1990களில் தொடங்கிய 'செஸ்' நிறுவனம் போன்றவை அந்தத் தாயின் வேலையைத்தான் ஏற்றன. இத்தகைய இல்லங்களுக்குக் கொடுப்பது சமையற்காரியின் சம்பளமாகவும், பஸ் காசாகவும், பால்மாவாகவும் மாறுகிறது.

ஒரு சங்கடம் உண்டு. ஆலயத்தில் விளக்கு கொடுத்தாலும் உபயகாரர் பெயரை அதில் எழுதுவது வழக்கம். சில விளக்குகளில் எழுத்து வெளிச்சத்தையே மறைத்து விடுகிறது! பிறந்தநாளுக்கு அநாதைப் பிள்ளைகளுக்குச் சோறு கொடுத்துப் படம் எடுத்துப் பத்திரிகையில் போடுவோரும் உளர். இந்தப் பிள்ளைகள் விடயத்தில் அது ஆகாது. படம் ஒன்று வெளிவந்தால் அப்பிள்ளையின் நோய் ஊரறிந்ததாகும். பள்ளிக்கூட வாங்கிலே கிடைத்த இடமும் போய்விடும். ஆகவே இத்தகைய இல்லத்துக்குக் கொடுப்பவர் பற்றுச்சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டு, எந்தப் பிள்ளைக்கு என்று கேளாமல் வீடு திரும்ப வேண்டும்.