சாட்சிக் கூண்டு

வழக்கு என்றால் வாதி, பிரதிவாதி என்று நினைக்கிறோம். குற்ற வழக்கில் அப்படி அல்ல. ஒரு பக்கம் அரசாங்கம். மறு பக்கம் எதிரி. கொடுமைக்கு ஆளானவள் வெறும் சாட்சி. தன் துயரத்துக்கே சாட்சி! 2002 வரை இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 155-ஆம் பிரிவு, பலாத்கார வழக்கில் அவள் பொதுவாகவே நடத்தை கெட்டவள் என்று காட்டி, அவள் சொல்லைத் தள்ளிவிட வழி வைத்திருந்தது. விசாரணை யார்மீது என்றே சந்தேகம் வந்துவிடும்.

சாட்சிக்கு இரக்கம் காட்டினால் எதிரிக்கு அநீதி ஆகாதா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான், நிரபராதி சிறைக்குப் போவதை யார் விரும்புவார்? ஆனால் குழந்தைகளுக்காக 2012-இல் வந்த போக்சோ சட்டத்தைப் பாருங்கள். வக்கீல் குழந்தையை நேரே கேட்க முடியாது. கேள்வியை நீதிபதியிடம் தர வேண்டும், அவர் கேட்பார். நம்பிக்கையான உறவினர் கூட இருக்கலாம். நடுநடுவே ஓய்வு உண்டு. எதிரியின் முகம் குழந்தையின் கண்ணில் படக்கூடாது. ஆனால் அது சொல்வது அவன் காதில் விழ வேண்டும், அவன் தன் வக்கீலோடு பேசவும் வழி வேண்டும். இரண்டையும் ஒரே பிரிவில், 36-இல், எழுதிவிட்டார்கள். நடுவில் ஒரு திரை, அவ்வளவுதான். இதனால் எந்த உண்மை மறைந்து போயிற்று?

அந்தச் சட்டத்தின் நிழல் 18 வயதோடு முடிந்துவிடுகிறது. பாலியல் கொடுமைக்கு ஆளான பெரியவர்களுக்கும் சாட்சி சொல்லத் தனி இடம் வேண்டும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்லதுதான். இடத்தோடு நிற்பானேன்? பத்தொன்பது வயதுப் பெண்ணிடமும் நீதிபதியே கேள்வியைக் கேட்டால் என்ன கெட்டுவிடும்?