ஐந்து மீட்டர் இடைவெளி

உலகின் தென்கோடியில், அண்டார்க்டிக்கா என்னும் பனிக் கண்டத்தின் கரையில் இறங்கும் பயணிகளுக்கு வழிகாட்டிகள் சில விதிகளை எடுத்துரைக்கின்றனர். காலணிகளைக் கிருமிநாசினியில் கழுவிய பின்னரே கரையில் கால் பதிக்க வேண்டும். பெங்குவின் பறவையை 5 மீட்டருக்கும் குறைவான தூரத்தில் நெருங்கலாகாது. பனியில் அவை நடந்து நடந்து உண்டாக்கிய தடத்தின் குறுக்கே நிற்கலாகாது. எதிரே பறவை வந்தால் மனிதரே ஒதுங்கி வழிவிட வேண்டும். அதுவாகவே அருகில் வந்தால் அசையாமல் நிற்க வேண்டும்; தொடவோ தீனி கொடுக்கவோ கூடாது. ஓரிடத்தில் ஒரே சமயத்தில் 100 பயணிகளுக்கு மேல் இறங்கலாகாது. 500 பேருக்கு மேல் ஏற்றிவரும் கப்பல் எவரையுமே கரையில் இறக்கலாகாது.

பல லட்சம் ரூபாய் செலவிட்டு, அர்ஜென்டினா நாட்டின் உசுவாயா துறைமுகத்தில் கப்பலேறி, கொந்தளிக்கும் கடலை இரண்டு நாள் கடந்து வந்தவர்களுக்குத்தான் இத்தனை விதிகளும். விலை கொடுத்தவனுக்கு உரிமை உண்டு என்பது சந்தையின் நியதி. இங்கோ விலை கொடுத்தவன் ஒதுங்கி நிற்கிறான். எதுவும் கொடாத பறவை தன் வழியே நடந்து போகிறது. இந்தக் காட்சி நம்மைச் சிந்திக்க வைக்கிறது. ஓர் உயிரைக் காண்பதற்கு நமக்கு உரிமை உண்டா? உண்டென்றால், அந்த உரிமை எதுவரை?

பல்லடம்–காங்கேயம் சாலையும் திருப்பூர்–தாராபுரம் சாலையும் சந்திக்கும் அவிநாசிபாளையத்தில் இருந்துகொண்டு தென்துருவத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். ஆனால் அந்தக் கண்டம் நமக்கு முற்றிலும் அந்நியமன்று. 1981 டிசம்பரில் கோவாவிலிருந்து புறப்பட்ட இந்தியாவின் முதல் ஆய்வுக்குழு, 1982 ஜனவரியில் அங்கே கால் பதித்தது. 1989 முதல் 'மைத்ரி', 2012 முதல் 'பாரதி' என இரு நிலையங்களில் நம் நாட்டு அறிவியலார் பணியாற்றி வருகின்றனர். அண்டார்க்டிக்காவுக்கான தனிச் சட்டத்தையே நமது நாடாளுமன்றம் 2022-இல் இயற்றியுள்ளது. 2024 மே மாதம் அண்டார்க்டிக்க உடன்படிக்கை நாடுகளின் 46-ஆவது கூட்டம் நம் அண்டை மாநிலத்தின் கொச்சி நகரில் நடைபெற்றபோது, பெருகிவரும் சுற்றுலாவை எவ்வாறு நெறிப்படுத்துவது என்பதும் அங்கே முக்கிய விவாதப் பொருளாயிற்று.

விவாதம் எழக் காரணம் உண்டு. 1966-இல் லார்ஸ் எரிக் லிண்ட்பிளாட் என்பவர் சில பத்துப் பயணிகளை அங்கே அழைத்துச் சென்று வழிகாட்டிப் பயணங்களைத் தொடங்கிவைத்தார். இன்று ஒரே கோடைப் பருவத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் செல்கின்றனர். நாளை திருப்பூரின் ஏற்றுமதியாளர் குடும்பம் ஒன்று அந்தக் கப்பலில் இருந்தால் நாம் வியக்கப் போவதில்லை. அவர்கள் செல்வதைப் பாவம் என்று சொல்லவும் நாம் துணியோம். படைப்பின் அழகைக் காண விழையும் தாகம் இறைவன் தந்த தாகமே. அந்தத் தாகம் எவ்விதம் தணிக்கப்படுகிறது என்பதே கேள்வி.

காண விரும்பியதை நம்மிடமே கொண்டுவந்துவிடுவது ஒரு வழி. 2016-இல் மும்பை பைகுல்லா விலங்கியல் பூங்காவுக்குத் தென்கொரியாவிலிருந்து 8 ஹம்போல்ட் பெங்குவின்கள் கொண்டுவரப்பட்டன. தென் அமெரிக்காவின் பெரு, சிலி நாடுகளின் கடற்கரைகளே அந்த இனத்தின் தாயகம். சில மாதங்களில் ஒன்று இறந்தது. மற்றவை குளிரூட்டப்பட்ட கண்ணாடி அறையில் வாழ்ந்து குஞ்சும் பொரித்தன. குழந்தைகள் கண்டு மகிழ்கின்றனர். அந்த மகிழ்ச்சியை நாம் சிறுமைப்படுத்தவில்லை. எனினும் அங்கே பார்ப்பவருக்காகப் பறவை இடம் பெயர்ந்தது. அண்டார்க்டிக்கப் பயணத்தில் பறவைக்காகப் பார்ப்பவர் இடம் பெயர்கிறார். இரண்டில் பின்னது மேலானது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதுவும் போதுமானதா?

போதும் என்பார் ஒரு வாதத்தை முன்வைப்பர். அறியாத ஒன்றை எவரும் காக்க முன்வரார். நேரில் கண்டவர் அதன் தூதராகி ஊர் திரும்புவார் என்பதே லிண்ட்பிளாட் முதலியோரின் நம்பிக்கை. வாதம் அழகானது, பல பயணியர் வாழ்வில் மெய்ப்பட்டும் இருக்கலாம். ஆனால் கொங்கு மண்ணில் வாழும் நாம் அதை முழுமையாக ஏற்பதற்கு முன் நொய்யலை நினைத்துப் பார்க்க வேண்டும். நொய்யலைக் காண நாம் கப்பலேற வேண்டியிருக்கவில்லை. பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் பார்த்தோம். அந்த வாரம் பனியன் துணிக்கு எந்தச் சாயம் ஏறியதோ அந்த நிறத்தில் ஆறு ஓடியதையும் பார்த்தோம். 1992-இல் பாசனத்துக்கென எழுந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் இடமாகிப் போனதையும் பார்த்தோம். நம் பார்வை ஆற்றைக் காக்கவில்லை. நிலமிழந்த உழவர்கள் நீதிமன்றம் ஏறி, 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடுமாறு சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்ட பிறகே, கழிவு நீரை வெளியேற்றாத முறை கட்டாயம் என்னும் நிலை உறுதிப்பட்டது. காண்பதிலிருந்து அன்பு தானாகப் பிறந்துவிடுவதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? காணும் கண்ணுக்குப் பின்னால் கட்டுப்படும் மனமும் வேண்டும்.

மேலும், பயணி காணாத துன்பம் ஒன்று அந்தப் பனியில் நிகழ்கிறது. பேரரசப் பெங்குவின் கடும் குளிர்காலத்தில் ஒரே ஒரு முட்டை இடும். தாய் இரை தேடிக் கடலுக்குச் சென்றுவிட, தந்தை அம்முட்டையைத் தன் பாதங்களின் மேல் ஏந்தி, வயிற்றின் தோல்மடிப்பால் போர்த்தி, ஏறத்தாழ 65 நாள் அடைகாக்கும். அத்தனை நாளும் உணவு இல்லை. வீசும் பனிக்காற்றில் தந்தையர் நெருங்கிக் கூட்டமாய் நிற்பர். விளிம்பில் நிற்பவை உள்ளே வர, உள்ளே இருந்தவை விளிம்புக்கு நகரும். பயணக் கப்பல்கள் வருவது கோடையில். ஆதலால் இந்த நோன்பைப் பயணிகள் காண்பதில்லை. பார்வையாளர் எவருமின்றியே அது யுகயுகமாக நடந்து வருகிறது.

இந்தப் பறவைக்குக் கடல்மேல் உறைந்த பனியே தொட்டில். 2022-இல் பெல்லிங்ஸ்ஹாசன் கடற்பகுதியில் அப்பனி உரிய காலத்துக்கு முன்பே உடைந்தது. நீர் புகாத இறகு முளைக்காத குஞ்சுகள் நீரில் விழுந்தால் பிழைக்க இயலாது. அங்கிருந்த ஐந்து குடியிருப்புகளில் நான்கில் அவ்வாண்டு ஒரு குஞ்சும் தப்பியதாகத் தெரியவில்லை. அந்தக் குடியிருப்புகளைக் குலைத்தது பயணிகளின் காலணி அன்று. வெப்பமடையும் உலகில் நம் ஆலைகளும் வாகனங்களும் இரவெல்லாம் எரியும் விளக்குகளும், அக்கப்பல்களின் புகைபோக்கிகளும் எல்லாம் பங்குதாரர்களே. அவிநாசிபாளையத்தை விட்டு நகராதவரின் கால்தடமும் அந்தப் பனியில் பதிகிறது. ஆகவே, போகிறவரைக் குறை கூறிவிட்டுப் போகாதவர் கைகழுவிக்கொள்ள வழியில்லை.

இந்த இடத்தில் விவிலியம் நமக்குத் துணை வருகிறது. ஓரேபு மலையில் எரிந்தும் கருகாத முட்செடியைக் கண்ட மோசே, அந்த அதிசயத்தை அருகில் சென்று பார்க்க விரைகிறார். நெருங்கி வர வேண்டாம், மிதியடியைக் கழற்று என்று இறைவன் தடுத்து நிறுத்துகிறார். வியப்பை இறைவன் தடுக்கவில்லை. வியப்பு உடைமையாகும் இடத்தில்தான் நிறுத்துகிறார். காலணியைக் கழுவி, 5 மீட்டர் தள்ளி நிற்கும் பயணி, தான் அறிந்தோ அறியாமலோ மோசேயின் இடத்தில் நிற்கிறார்.

யோபு நூலின் இறுதி அதிகாரங்களும் கருதத்தக்கவை. தன் துன்பத்துக்கு விளக்கம் கேட்ட யோபுவை இறைவன் அழைத்துச் சென்று காட்டுவன எவை? மனிதர் குடியேறாத நிலத்தில் பெய்யும் மழை. எவர் கட்டளைக்கும் பணியாத காட்டுக் கழுதை. சிறகிருந்தும் பறக்காத தீக்கோழி. இவற்றால் யோபுவுக்கு ஒரு பயனும் இல்லை. அவர் காணாவிடினும் அவை இருக்கும். இறைவனுக்கு அவை உவப்பானவை. தொடக்கநூலிலும் கடல்வாழ் உயிர்களும் பறவைகளும் நல்லவை என இறைவன் கண்டது ஐந்தாம் நாளில். மனிதர் தோன்றியதோ ஆறாம் நாளில். ஒவ்வோர் உயிருக்கும் மனிதருக்குப் பயன்படுவதைக் கடந்த தன்மதிப்பு உண்டு என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' திருமடல் கற்பிப்பதும் இதுவே. இறைவன் காண்கிறார் என்பதே ஓர் உயிரின் மாண்புக்குப் போதிய சான்று. நம் கண்பட்டால்தான் அது மதிப்புப் பெறும் என்பதில்லை.

இவ்வுண்மையை வாழ்ந்து காட்டுவோர் தொலைவில் இல்லை. ஈரோடு மாவட்டத்து வெள்ளோட்டில் 1996-இல் அறிவிக்கப்பட்ட பறவைகள் சரணாலயம் உண்டு. அதைச் சூழ்ந்த சிற்றூர் மக்கள், பறவைகள் வெருளக்கூடாதென்று தீபாவளியன்று பட்டாசு வெடிப்பதில்லை. அவர்களின் குழந்தைகளுக்கும் மத்தாப்பும் சரவெடியும் ஆசைதான். ஆயினும் கூட்டில் இருக்கும் குஞ்சுக்காக அந்த ஆசையை அடக்கக் கற்றுக்கொள்கின்றனர். அவர்களிடம் கிருமிநாசினித் தொட்டியும் இல்லை, வழிகாட்டியும் இல்லை. இருப்பது அந்த இடைவெளியைக் காக்கும் மனம். திருப்பூரின் நஞ்சராயன் குளமும் 2022-இல் சரணாலயமாகி, 2024-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. வெள்ளோட்டு மக்களின் மனம் நமக்கும் வாய்க்குமா என்பதை அந்தக் குளம் காட்டிவிடும்.

பறவையிடம் காட்டும் இந்த மரியாதையை மனிதரிடம் காட்டுகிறோமா என்பது இன்னும் கூர்மையான கேள்வி. பனியன் கம்பெனிகளை நம்பி ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து, நெருக்கமான அறைகளில் தங்கியிருக்கும் தொழிலாளர் நம்மிடையே ஏராளம். கிறிஸ்து பிறப்புக் காலத்தில் போர்வையும் கேக்கும் எடுத்துக்கொண்டு அவர்களிடம் செல்கிறோம், நல்ல காரியமே. ஆனால் கொடுக்கும் கையையும் வாங்கும் முகத்தையும் படம்பிடித்து ஊரறியப் பரப்பும்போது, பெங்குவினுக்குத் தரப்படும் 5 மீட்டர்கூட அந்த ஏழைக்குக் கிடைப்பதில்லை. அவர் நடந்துவரும் தடத்தில் குறுக்கே நின்றுவிடுகிறோம். நோயாளியின் படுக்கையருகே, துக்க வீட்டின் வாசலில், வளரும் பிள்ளையின் மௌனத்தின் முன்னும் இதே சோதனை நமக்கு வருகிறது. மனிதரிடம் நாம் அருகில் செல்லத்தான் வேண்டும்; நல்ல சமாரியர் காயத்தைத் தொட்டே கட்டினார். ஆனால் அவர் சென்றது காயப்பட்டவருக்காக. தான் கண்டதாகச் சொல்லிக்கொள்வதற்காக அன்று. யாருக்காக நெருங்குகிறோம் என்பதே அளவுகோல்.

எனவே, வசதியும் வாய்ப்பும் உள்ளவர் தென்துருவம் செல்லட்டும். கற்ற ஒழுக்கத்தை ஊருக்கும் கொண்டுவரட்டும். செல்ல இயலாதவர் எதையும் இழந்தவர் அல்லர். காணாமலே நம்புவோரைப் பேறுபெற்றோர் என்று ஆண்டவர் சொன்னது, தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்ற தோமாவிடம். அந்தத் தோமாவைத்தான் நம் தமிழ் மண்ணின் திருத்தூதராக மயிலையில் வணங்குகிறோம். காணாமலே அன்பு செய்வதும் அத்தகைய பேறுதான். தேவையற்ற விளக்கை அணைப்பதும், குளக்கரையில் குரல் தாழ்த்துவதும், எளியவரிடம் செல்லும்போது கேமராவை வீட்டில் வைத்துவிட்டுச் செல்வதும் அந்த அன்பின் சிறு செயல்கள். நாம் ஒருபோதும் காணப்போகாத ஒரு தந்தை, இருண்ட குளிர்காலத்தில் தன் பாதங்களின் மேல் ஒரு முட்டையை ஏந்தி நிற்கிறது. அதன் காலடியில் பனி நிலைத்திருப்பதில் நமக்கும் பங்குண்டு.