பாறையில் அறைந்த ஆணி

செங்குத்துப் பாறையில், விரல் நுழையக்கூட விரிசல் இல்லாத இடத்தில், துளையிட்டு ஆணி அறைந்து மேலே போவது சரியா? பாறையேறுவோரிடையே பல தலைமுறைகளாகத் தீராத வழக்கு இது.

ஆணியின் பக்கத்து நியாயத்தை எளிதில் ஒதுக்க முடியாது. கயிற்றை மாட்ட உறுதியான பிடிப்பு இருந்தால் விழுந்தவர் பிழைப்பார்; மீட்க வருபவர்களும் உயிரைப் பணயம் வைக்க வேண்டியிராது. இறங்க வழியே இல்லாத நெருக்கடியில் ஒருவர் அறைந்த ஆணியைக் குறைசொல்வது கொடுமை. ஆனால் பல ஆணிகள் அப்படி அறையப்பட்டவை அல்ல. திரும்பி இறங்க முடிந்தும் மனம் வராதவர்கள் அறைந்தவை அவை.

வேல்ஸ் நாட்டின் ஆங்கிள்சீ பகுதியில் உள்ள கோகார்த் கடற்பாறைகளில் ஆணி அறைவதில்லை என்பது ஏறுவோர் தாமே காத்துவரும் வழக்கம். விரிசல்களில் உலோகத் துண்டுகளைச் செருகி ஏறுகிறார்கள். கடைசியாக வருபவர் அவற்றைக் கழற்றி எடுத்துவருகிறார். கடற்பறவைகள் கூடுகட்டும் மாதங்களில் சில பகுதிகளைத் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். பறவைக்காக விலகி நிற்க முடிந்தவர்களால், இனி வரப்போகும் மனிதருக்காகவும் விலகி நிற்க முடியும். கடலோரத்தில் ஆணியை நம்புவதும் ஆபத்துதான். தாய்லாந்தின் ரெய்லே பாறைகளில் துருப்பிடிக்காத எஃகு ஆணிகளே உப்புக்காற்றில் அரிக்கப்பட்டு முறிந்ததால், டைட்டானியத்துக்கு மாற வேண்டியிருந்தது.

1970-இல் படகோனியாவின் செரோ டோரே சிகரத்தில் இத்தாலியரான செசாரே மேஸ்திரி, எரிபொருளில் ஓடும் கம்ப்ரசரை மேலே இழுத்துச்சென்று ஏறக்குறைய 400 ஆணிகளை அறைந்தார். ஏறத்தக்க விரிசல்களுக்குப் பக்கத்திலேயே பல ஆணிகள் இருந்தன. 2012 ஜனவரியில் ஹேடன் கென்னடி, ஜேசன் க்ரூக் என்ற இரு இளைஞர்கள் பெரும்பாலும் அவற்றைத் தொடாமலே உச்சியை அடைந்து, இறங்கும் வழியில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றைப் பிடுங்கினார்கள். அடிவாரத்து எல் சால்டென் ஊரில் கொந்தளிப்பு. காவல்துறை ஆணிகளைப் பறிமுதல் செய்தது. அங்கே கூடிய ஏறுவோர் அவற்றைப் பிடுங்க வேண்டாமென்று முன்பே பெரும்பான்மையாக முடிவெடுத்திருந்தார்கள். ஏறும் திறமை, அந்த முடிவை மீறும் உரிமையைத் தந்துவிடாது.

இந்த இடத்தில் அமெரிக்கப் பாறையேறுநர் ராயல் ராபின்ஸ் பெரியவராகத் தெரிகிறார். 1970-இல் வாரன் ஹார்டிங்கும் டீன் கால்டுவெல்லும் அமெரிக்காவின் எல் கேப்டன் பாறைச்சுவரில் 27 நாள் தங்கி, ஏராளமான துளைகளிட்டு ஒரு பாதை அமைத்தார்கள். அடுத்த ஆண்டு ராபின்ஸ் அதை அழிக்கும் நோக்கத்தோடே ஏறத்தொடங்கினார். மேலே போகப்போக அவர்களுடைய உழைப்பும் துணிவும் புலப்பட, உளியை நிறுத்திக்கொண்டார். தம் கொள்கையைவிடக் கண்ணெதிரே இருந்த உண்மையை மதித்தார்.

ஆணி அறையுமுன் அனுமதி கேட்டால் போதாதா என்று தோன்றலாம். யாரிடம் கேட்பது? மேஸ்திரி துளையிட்டபோது எல் சால்டென் என்ற ஊரே இல்லை. அது 1985-இல்தான் உருவானது. ஆணிகள் பிடுங்கப்பட்ட சில நாள்களில், மேஸ்திரி ஆணி அறைந்த அதே முகட்டில் தம் கைகால்களின் வலிமையாலேயே ஏறி, கயிற்றை விழுந்தால் தாங்குவதற்கு மட்டுமே வைத்துக்கொண்டவர் ஆஸ்திரியாவின் டேவிட் லாமா. அவர் பிறந்தது 1990-இல்.